முதலாளியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

'வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங் வேலை. மாதம் 30,000 ரூபாய். முன்பணம் 15,000. படிப்பு, அனுபவம் தேவையில்லை. வாட்ஸப் மட்டும்.'

வரி விளம்பரத் தளங்களில், ஃபேஸ்புக்கில், ஊர்ப் பெயரில் ஓடும் வேலைவாய்ப்புக் குழுக்களில் இப்படி ஒன்று கண்ணில் படாத நாள் குறைவு. கம்பெனியின் பெயரும் நாம் பள்ளிக்கூடத்தில் கடித்துக் கடித்து வளர்ந்த பென்சிலின் பெயராகவே இருக்கும்.

கொஞ்சம் நிதானித்து அந்த முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தொழிற்சாலையில் எந்திரமே பென்சிலைப் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறது. அதை விட்டுவிட்டு, மூட்டை மூட்டையாகப் பென்சிலை லாரியில் ஏற்றி, சங்கரன்கோவிலில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் இறக்கி, பத்துப் பத்தாகப் பெட்டியில் போடச் சொல்லி, திரும்ப வரவழைத்துக் கடைக்கு அனுப்ப வேண்டும். கடையில் ஒரு பெட்டி பென்சில் என்ன விலை போகிறது? அதில் லாரி வாடகையே கட்டாது. 30,000 சம்பளத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்?

வீட்டிலிருந்து செய்யும் வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பீடி சுற்றுகிறார்கள். திருப்பூரில் பனியனுக்குப் பிசிர் வெட்டுகிறார்கள். அங்கெல்லாம் சரக்கு பக்கத்து ஊரிலிருந்து வரும், கொண்டுவருகிற ஆளின் வீடு தெரியும், கூலி உருப்படிக் கணக்கு. அந்தக் கூலி மிகக் குறைவு என்பதுதான் அங்கே காலகாலமான புகார். கூலி கொழுத்திருக்கிறது, ஆள் மட்டும் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை என்றால் அது வேறு தொழில்.

வேலை மோசடிகளைப் பற்றிச் சொல்லித் தரும்போது எழுத்துப் பிழையைப் பாருங்கள், மங்கலான லோகோவைப் பாருங்கள் என்பார்கள். அதெல்லாம் பழைய பாடம். இன்றைக்கு ஏமாற்றுபவரின் விளம்பரம் உண்மையான கம்பெனியின் விளம்பரத்தைவிட அழகாக இருக்கிறது. பிழையே இல்லாமல் எழுதித் தர மென்பொருள் இருக்கிறது. அதனால் நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: இந்த வேலை நடந்தால் யாருக்கு என்ன லாபம்? சம்பளப் பணம் எங்கிருந்து வருகிறது? இதற்குப் பதில் கிடைக்காத விளம்பரம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தள்ளிவிடலாம்.

பென்சில் வேலைக்கு வாட்ஸப் செய்தால் என்ன நடக்கும்? முதலில் அடையாள அட்டைக்கு ஐந்நூறோ அறுநூறோ கேட்பார்கள். கட்டியதும் உங்கள் படம் போட்ட அட்டை கைபேசிக்கு வந்துவிடும். நம்பிக்கை பிறக்கும். அடுத்து சரக்கு ஏற்றிய வண்டியின் வீடியோ. கூரியர் கட்டணம் அனுப்பினால் நாளைக்கே வாசலுக்கு வந்துவிடுமாம். அது போனதும் ஒப்பந்தக் கட்டணம், ஜிஎஸ்டி, காப்பீடு. ஒவ்வொன்றும் 'சம்பளத்தோடு திரும்பக் கிடைக்கும்' தொகை. இரண்டாயிரம் போட்டவருக்கு, இன்னும் ஆயிரம் போட மறுத்தால் அந்த இரண்டாயிரமும் போய்விடுமே என்ற பதைப்பு. அந்தப் பதைப்புதான் இவர்களுக்கு வருமானம். ஏமாந்தவரைப் பார்த்துப் பேராசை என்று சொல்வது நம்மிடம் ஒரு கெட்ட வழக்கம். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண் மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்க நினைப்பது என்ன பேராசை?

வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. இந்த விதி பெரும்பாலும் போதும். இடறும் இடங்கள் சில உண்டு. அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பக் கட்டணம் உண்மையிலேயே உண்டு. ரயில்வே தேர்வு வாரியம் பொதுப் பிரிவினரிடம் 500 ரூபாய் வாங்கி, முதல்கட்டக் கணினித் தேர்வை எழுதியவருக்கு 400 ரூபாயைத் திருப்பித் தருகிறது. உணவு டெலிவரி வேலையில் தோள்பைக்கும் டி-ஷர்ட்டுக்கும் பணம் பிடிப்பதும் உண்டு. அதனால் பணம் கேட்கிறார்களா என்பதோடு, அது யார் கணக்குக்குப் போகிறது என்றும் பாருங்கள். வாரியத்தின் கட்டணத்தை அதன் இணையதளத்திலேயே கட்டுகிறோம். 'எச்ஆர் மேடம்' என்று பேசுகிறவரின் ஜிபே எண்ணுக்கு எந்தக் கம்பெனியின் கட்டணமும் போகாது. பணம் திருப்பித் தருகிறோம், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்றால் உடனே நிறுத்துங்கள். யுபிஐயில் பணம் அனுப்பத்தான் பின் தேவை, வாங்குவதற்குத் தேவையில்லை.

டேட்டா என்ட்ரி மோசடி இன்னும் நுணுக்கமானது, ஏனென்றால் இதில் நிஜமாகவே வேலை கொடுப்பார்கள். படமாக இருக்கும் பக்கங்களைப் பார்த்து ஒரு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கான படிவங்களை நிரப்ப வேண்டும், குறிப்பிட்ட அளவுக்குத் துல்லியம் இருக்க வேண்டும் என்று ஆன்லைனில் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். இரவெல்லாம் கண்விழித்துத் தட்டச்சு செய்து முடித்தால், துல்லியம் போதவில்லை என்று ஒரு சீட்டு வரும். இரண்டு நாளில் 'வக்கீல்' பேசுவார். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், கம்பெனிக்கு நஷ்டம், பணம் கட்டாவிட்டால் வழக்கு, கைது.

இங்கேயும் முதலாளியின் கணக்கைப் போடுங்கள். படத்தில் உள்ள எழுத்தை நொடியில் எழுத்தாக்கித் தரும் வசதி உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. அதற்கு ஆள் வைத்து மாதம் இருபதாயிரம் யார் கொடுப்பார்? நீங்கள் தட்டச்சு செய்ததை யாரும் படிக்கப்போவதில்லை. உங்களைத் தவறு செய்ய வைப்பதற்காக உருவாக்கப்பட்ட வேலை அது. வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு வக்கீல் எழுதும் கடிதம், நீதிமன்றத்தின் உத்தரவாகாது. தட்டச்சில் பிழை விட்டதற்காக யாரையும் கைது செய்ய முடியாது. ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தின் பேரில் உண்டான ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் செல்லாததாக்கிக்கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. மிரட்டலுக்குப் பயந்து பணம் கட்டிவிடாதீர்கள். ஒரு முறை கட்டியவரிடம் மறுபடியும் கேட்பார்கள்.

டெலிகிராமில் வரும் 'டாஸ்க்' வேலை எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால், ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் ஒன்றுக்கு 50 ரூபாய். முதல் நாள் நூற்றைம்பது ரூபாய் நிஜமாகவே வங்கிக் கணக்கில் விழும். அது அவர்கள் போடும் முதலீடு. பிறகு பணம் கட்டிச் செய்யும் டாஸ்க், திரையில் ஏறிக்கொண்டே போகும் லாபம், அதை எடுக்கப்போனால் வரி கட்டச் சொல்லும் 'சீனியர் மேனேஜர்'. குழுவில் 'எனக்கு வந்துவிட்டது' என்று ரசீது போடும் மற்றவர்களும் பெரும்பாலும் அவர்கள் ஆட்களே. இப்படிப்பட்ட பகுதிநேர வேலை, முதலீட்டு மோசடிகளை நடத்திவந்த நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. ஓய்வுபெற்றவர்கள், பெண்கள், வேலை தேடும் இளைஞர்கள் ஆகியோரே குறி என்று அப்போது அரசே சொன்னது. புதுத் தளம் தொடங்க அவர்களுக்கு ஒரு மாலை நேரம் போதும் என்பது வேறு விஷயம்.

தேவையே இல்லாத வேலையை எவ்வளவு நம்பகமாகக் காட்ட முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. இது விளம்பரம் வழியாக அல்லாமல் தெரிந்தவர் வழியாக நடந்தது. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர் புதுடெல்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்து, வந்துபோகும் ரயில்களையும் அவற்றின் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சுமார் ஒரு மாதம். டிக்கெட் பரிசோதகர், எழுத்தர் போன்ற பணிகளுக்கு இதுதான் பயிற்சி என்று நம்பவைக்கப்பட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள். மொத்தம் 2.67 கோடி ரூபாய். அவர்களில் பலர் பொறியியல் படித்தவர்கள். எந்த ரயிலுக்கு எத்தனை பெட்டி என்பது ரயில்வேயின் கணினியில் இருக்கிறது, அதை ஆள் வைத்து எண்ண வேண்டியதில்லை என்பது இப்போது நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. சீருடை மனிதர்கள் நடமாடும் நடைமேடையில், கையில் பயிற்சி ஆணையோடு உட்கார்ந்திருந்தால் நமக்கும் அது தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

நிஜக் கம்பெனியின் பெயரில் வரும் பொய்க்கு வேறு விதமான சோதனை வேண்டும். விமான நிலைய கிரவுண்ட் ஸ்டாஃப் வேலை இதற்குப் பேர்போனது. வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று விமான நிறுவனங்கள் தங்கள் தளங்களில் எச்சரிக்கை போட்டே வைத்திருக்கின்றன. ஏமாற்றுபவர்கள் நடத்தும் பேட்டியோ வாட்ஸப் சாட்டிலேயே முடிந்துவிடும். மறுநாள் காலை நியமனக் கடிதம், அதில் மூன்று முத்திரை, மேலே அசோகச் சின்னம். தனியார் கம்பெனி தன் கடிதத்தில் சிங்கத்தலையைப் போட்டுக்கொள்ள 2005ஆம் ஆண்டின் தேசியச் சின்னச் சட்டம் இடம் தராது. அதைக் கண்டாலே கடிதம் பொய் என்று முடிவுக்கு வரலாம்.

மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் படியுங்கள். உண்மையான முகவரி 'கம்பெனி.காம்' என்று முடிந்தால், இவர்களுடையது 'கம்பெனி-கேரியர்ஸ்.காம்' என்றோ 'கம்பெனிஜாப்ஸ்.இன்' என்றோ முடியும். பார்வைக்கு உறவு, உண்மையில் அந்நியம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எந்த நிறுவனமும் எப்போது பதிவானது, அலுவலகம் எங்கே என்று இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பதிவு எண் சரியாக இருப்பதால் பேசுகிற ஆளும் அந்தக் கம்பெனிக்காரர் என்று ஆகிவிடாது. எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ள யாராலும் முடியும். கம்பெனியின் தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்து, அழைத்து, இப்படி ஒரு பணியிடம் உண்டா என்று கேளுங்கள். கடிதத்தில் அச்சிட்ட எண்ணைக் கூப்பிட்டால் எடுப்பவர் அவர்கள் ஆளாகத்தான் இருப்பார்.

பணமே கேட்காத மோசடியும் உண்டு. 'பேமென்ட் ஏஜென்ட் வேலை. உங்கள் கணக்குக்கு வரும் பணத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும், இரண்டு சதவீதம் உங்களுக்கு' என்கிறது ஒரு விளம்பரம். சொந்தமாக வங்கிக் கணக்கு திறக்கத் தெரியாத கம்பெனி உலகில் உண்டா? உங்கள் கணக்கில் விழுவது வேறொருவர் பறிகொடுத்த பணம். விசாரணை வரும்போது முதலில் முடங்குவது உங்கள் கணக்கு, முதலில் தேடி வருவது உங்கள் வீட்டை. ஏடிஎம் கார்டையும் சிம்மையும் வாடகைக்குக் கொடுப்பதும் இதே வகைதான். ஆதார், பான், கையில் ஆதாரைப் பிடித்தபடி ஒரு செல்ஃபி என்று கேட்டால், வேலை உறுதியாகும் முன் எதற்கு என்று கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள். நகலின் குறுக்கே என்ன காரியத்துக்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டு வேலைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, அங்கே ஆளே போய்விடுகிறார். தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' வேலை என்று சமூக ஊடகங்களில் வந்த விளம்பரங்களைப் பற்றி 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. குறி வைக்கப்பட்டவர்கள் கணினி படித்த இளைஞர்கள். போனவர்களைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோய் அடைத்து, கணினி முன் உட்கார்த்தி, இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்தார்கள். அந்த அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். நமக்கு டாஸ்க் அனுப்பும் அந்த 'மேடம்' இப்படி மாட்டிக்கொண்ட ஒரு பையனாகக்கூட இருக்கலாம்.

விமான டிக்கெட், தங்குமிடம், லட்சத்தை ஒட்டிய சம்பளம், பேட்டியோ பத்து நிமிடம். தட்டச்சு தெரிந்த ஆள் அந்த நாட்டிலேயே கிடைக்காமலா இங்கிருந்து இவ்வளவு செலவழித்துக் கூட்டிப்போகிறார்கள் என்று ஒரு முறையாவது கேளுங்கள். 'டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று பேசுபவர் பதிவு பெற்றவராக இருந்தாலும் சட்டத்தை மீறுகிறார். சந்தேகம் கேட்க 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண் உண்டு. தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது என்பது வேலை தேடும் பலருக்குத் தெரியவில்லை.

பணம் போய்விட்டதென்றால் அழுவதற்கு முன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு, பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவும் முன் வங்கிகள் அதைப் பிடித்துவைக்க வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண், அனுப்பிய நேரம், எதிராளியின் யுபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். வெட்கத்தில் வாட்ஸப் உரையாடலை அழித்துவிடுகிறவர்கள் நிறைய, அழித்தால் சாட்சியும் போய்விடும். விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்த பிறகு அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி அடுத்த வாரமே சிலர் அழைப்பார்கள், அவர்களுக்குப் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். பணம் போகவில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் 2024 மார்ச்சில் தொடங்கிய சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லலாம். விளம்பரம் வந்த தளத்திலேயே அதன் கீழ் இருக்கும் புகார் பொத்தானையும் அழுத்திவிடுங்கள்.