வெள்ளை எழுத்து ஓரத்தில் சிவப்பு நிழல் தெரியுதா? ப்ரொஜெக்‌ஷன் டிவி கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை!

செய்தி சேனலின் அடியில் ஓடும் வெள்ளை எழுத்துக்கு ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். கண்ணாடி போடாமல் 3டி படம் பார்ப்பது போல இருக்கும். பழைய ப்ரொஜெக்‌ஷன் டிவி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்ததும் "டியூப் போச்சு" என்று முடிவுகட்டி, செட்டையே தூக்கிப்போட்டு விடுவதுண்டு. பல நேரம் அதற்கு அவசியமே இல்லை.

1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் அமெரிக்க வீடுகளில் பெரிய திரை என்றாலே அலமாரி சைஸ் இந்த டிவிதான். தட்டையான டிவிகள் வந்ததும் ஓரங்கட்டப்பட்டது. பழைய வீடியோ கேம் பிரியர்கள் இப்போதும் தேடிப் பிடிக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்குது?

சாதாரண பழைய டிவியில் ஒரே பிக்சர் டியூப். இதில் மூன்று சின்ன டியூப்கள், பெரும்பாலும் 7 அங்குலம். சிவப்பு, பச்சை, நீலம் என ஆளுக்கொரு நிறம். மூன்று படமும் லென்ஸ் வழியாகப் போய், கண்ணாடியில் பட்டு, திரையில் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் முழு கலர்.

சிக்கல் இங்கேதான். நடுவில் இருக்கும் பச்சை டியூப் நேராகப் பார்க்கும். மற்ற இரண்டும் பக்கவாட்டில் இருந்து சாய்வாக அடிக்கும். சுவரில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் வெளிச்சம் இழுபடுமே, அதே கதை. இந்தக் கோணலை நிமிர்த்துவது டியூபின் கழுத்தில் உள்ள கன்வர்ஜென்ஸ் காயில்கள். டிவியை இடம் மாற்றினால்கூட பூமியின் காந்தப்புலம் காரணமாகப் படம் லேசாக நகரும். பாகங்கள் பழசானாலும் அப்படித்தான்.

எப்படிச் சரிசெய்வது?

டிவியைப் போட்டு 20 முதல் 30 நிமிடம் சூடாக விடுங்கள். குளிர்ந்த செட்டில் சரிசெய்தால் சிறிது நேரத்தில் மறுபடி விலகிவிடும். பிறகு மெனுவில் 'கன்வர்ஜென்ஸ்' பகுதிக்குப் போனால் திரையில் கூட்டல் குறி தெரியும். பச்சைக் கோடுதான் அளவுகோல், அதைத் தொடவே கூடாது. சிவப்பை அதன்மேல் கொண்டுவந்தால் மஞ்சளாகும். நீலமும் சேர்ந்தால் வெள்ளை. கோடு சுத்தமான வெள்ளையானால் வேலை முடிந்தது.

முதலில் நடுப்பகுதி, அப்புறம்தான் ஓரங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் இருந்து பாருங்கள். மூக்கை ஒட்டிப் பார்த்தால் மூலையில் ஏதாவது விலகல் தெரியத்தான் செய்யும், அதை விட்டுவிடலாம். சோனியின் 'ஃபிளாஷ் ஃபோகஸ்', ஹிட்டாச்சியின் 'மேஜிக் ஃபோகஸ்' போன்ற வசதி இருந்தால் ஒரே பட்டன்தான். செட்டே சரிசெய்துகொள்ளும். டெக்னீஷியன்களுக்கான சர்வீஸ் மெனு வேறு சமாச்சாரம். அதற்குள் போவதாக இருந்தால், முதலில் அங்குள்ள எண்களை எல்லாம் போட்டோ எடுத்து வைப்பது கட்டாயம்.

இங்கே நிறுத்திடுங்க!

சிவப்பு அல்லது நீலக் கோடு வில் மாதிரி வளைந்து, மெனுவில் எவ்வளவு தள்ளியும் வரவில்லையா? கன்வர்ஜென்ஸ் ஐசி பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த டிவிகளில் அடிக்கடி வரும் கோளாறு இது. தெரிந்த டெக்னீஷியன் ஐசியை மாற்றித் தருவார். அதற்காக நீங்களே பின்பக்கத்தைக் கழற்றாதீர்கள். டியூப்களுக்குப் போவது சுமார் 30,000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

நம்ம ஊர் பள்ளிகள், மண்டபங்களில் உள்ள 3எல்சிடி ப்ரொஜெக்டர்களிலும் மூன்று பேனல்கள் உண்டு. அதனால் அவற்றிலும் இதே சிவப்பு, நீல ஓரம் வரலாம். சில மாடல்களில் 'பேனல் அலைன்மென்ட்' மெனுவிலேயே சரிசெய்யலாம். ஒரே சிப் உள்ள டிஎல்பி ப்ரொஜெக்டரில் இந்தத் தொல்லை கிடையாது.