கடிதம் வராத ஆண்கள்

நொர்வேயில் பதிந்து வாழும் ஒவ்வொருவருக்கும் பதினொரு இலக்க அடையாள எண் உண்டு. அதன் ஒன்பதாவது இலக்கம் இரட்டை என்றால் பெண், ஒற்றை என்றால் ஆண். வங்கிக் கணக்கு முதல் மருந்துச் சீட்டு வரை எல்லாம் இந்த எண்ணில்தான் ஓடுகின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான நினைவூட்டல் கடிதமும் மக்கள் பதிவேட்டில் உள்ள பாலினத்தைப் பார்த்தே 25 முதல் 69 வயது வரையான பெண்களுக்குப் போகிறது.

பிறப்பில் பெண்ணெனப் பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பி, சட்டப்படி ஆணானதும் அந்த எண் மாறிவிடும், கடிதமும் வராது. உடலில் கருப்பைக் கழுத்து அப்படியேதான் இருக்கும்.

நல்ல சட்டம், புதிய சிக்கல்

2016 ஜூலை 1க்கு முன், பதிவேட்டில் பாலினத்தை மாற்ற விரும்பியவர் இனிப் பிள்ளை பெறவே முடியாதபடி சத்திரசிகிச்சை செய்திருக்க வேண்டும் என்பது நொர்வேயின் நடைமுறை. கொடுமையான நிபந்தனை. புதிய சட்டம் அதை ஒழித்தது. இன்று வரித் திணைக்களத்துக்கு அனுப்பும் ஒரு படிவமே போதும். ஆகவே, கருப்பையும் சூலகங்களும் உள்ள ஆண்கள் இப்போது சட்டப்படியே இருக்கிறார்கள். கடிதம் அனுப்பும் கணினிக்கோ ஆண், பெண் என்ற இரண்டு வகைதான் தெரியும்.

ஹோர்மோன் ஊசி போடுகிறோமே, பிறகென்ன பயம் என்று சிலர் நினைக்கிறார்கள். டெஸ்டோஸ்டெரோன் மாதவிடாயை நிறுத்தும், எச்.பி.வி. கிருமியை நிறுத்தாது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதும் அந்தக் கிருமியால்தான் வருகிறது. நொர்வேயில் பெண் பிள்ளைகளுக்கு 2009இலும் ஆண் பிள்ளைகளுக்கு 2018இலும்தான் பாடசாலையில் தடுப்பூசி தொடங்கியது. வளர்ந்தபின் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர்களில் பலருக்கு அது கிடைத்திருக்க வழியில்லை.

டெஸ்டோஸ்டெரோன் கருப்பைக் கழுத்துப் பகுதியின் தோலை மெலிதாக்கி உலர வைப்பதால் பரிசோதனை வலிக்கும். எடுத்த மாதிரியும் சில வேளை வாசிக்க முடியாததாகப் போய்விடும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு சுகாதார நிலையத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான கட்டுரையின்படி, திருநம்பிகளின் பாப் மாதிரிகளில் 10.8 வீதம் பயனற்றுப் போயின. பெண்களிடம் 1.3 வீதம்தான். ஒருமுறை வலியோடும் கூச்சத்தோடும் படுத்து எழுந்தவரை "திரும்ப வாருங்கள்" என்று அழைத்தால் எத்தனை பேர் வருவார்கள்?

ரொபேர்ட் ஈட்ஸ்

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ரொபேர்ட் ஈட்ஸ் ஒரு திருநம்பி. மாதவிடாய் நிற்கும் வயது நெருங்கிவிட்டதால் சூலகங்களை அகற்றத் தேவையில்லை என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். 1996இல் அவருக்குச் சூலகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரு டசினுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரை ஏற்க மறுத்தார்கள். இப்படி ஒருவர் வந்து அமர்ந்தால் மற்ற நோயாளிகள் என்ன நினைப்பார்கள் என்பது சிலரின் கவலை. சிகிச்சை கிடைத்தபோது நோய் பரவிவிட்டிருந்தது; 1999 ஜனவரியில் இறந்தார். அவரது கடைசி ஆண்டைப் பதிவுசெய்த 'சதர்ன் கம்ஃபர்ட்' என்ற ஆவணப்படம் 2001இல் சண்டான்ஸ் விழாவில் விருது பெற்றது.

சூலகப் புற்றுநோய்க்கு இன்றுவரை நம்பகமான முன்பரிசோதனை கிடையாது. அதனால்தான் வயிற்று ஊதலையும், நின்றுபோன இரத்தப்போக்கு மறுபடி தலைகாட்டுவதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

மார்பு விஷயத்திலும் ஒரு தவறான நிம்மதி உண்டு. மார்பகங்களை அகற்றிய பிறகும் கொஞ்சம் திசு எஞ்சும். அம்ஸ்டர்டாமில் 1,229 திருநம்பிகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது நால்வருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. பெண்களின் ஆபத்தைவிடக் குறைவு. ஆண்களின் ஆபத்தைவிட மிக அதிகம். அகற்றாதவர்களுக்கு 50 முதல் 69 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மமோகிராம் எடுப்பது மற்றவர்களைப் போலவே பொருந்தும்.

குறொன்லாண்டில் இன்னொரு பூட்டு

ஒஸ்லோவின் குறொன்லாண்டில் நிலத்தடி ரயிலை விட்டு மேலே ஏறினால் மரக்கறிக் கடைகளில் சோமாலியும் உருதுவும் தமிழும் கலந்து கேட்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குக் குறைவாகவே போகிறார்கள் என்பதை நொர்வேஜிய ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருக்கின்றன. திருநம்பி என்றால் தடை இரட்டிப்பு. மொழி போதாதவர்கள் வைத்தியரிடம் பிள்ளையையோ அக்காவையோ அழைத்துப் போவது நம் வழக்கம். வீட்டில் இன்னும் எதுவும் சொல்லாதவர், அக்கா பக்கத்தில் இருக்க எதைச் சொல்வார்?

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், தேவையான இடத்தில் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யும் பொறுப்பை அரச சேவைகள்மேல் வைக்கிறது. மொழிபெயர்ப்பாளரும் வைத்தியரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். தமிழர் வட்டம் சிறியது, மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானதே. தொலைபேசி வழியாக, பெயர் சொல்லாமல் பேச ஒழுங்குசெய்யும்படி கேட்கலாம். சிறுபான்மைப் பின்னணி கொண்ட பால்புதுமையினருக்காகவே இயங்கும் 'ஷைவ் வார்டன்' அமைப்பும் ஒஸ்லோவில் இருக்கிறது.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கருப்பைக் கழுத்து இருக்கிறதா, சத்திரசிகிச்சையில் அதுவும் எடுக்கப்பட்டதா என்பதைக் குடும்ப வைத்தியரிடம் உறுதிப்படுத்துங்கள். கருப்பையை எடுத்தவர்களில் சிலருக்குக் கழுத்து விடப்பட்டிருக்கும். இருந்தால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். சிறிய கருவி, முன்கூட்டியே சில வாரம் இடும் ஈஸ்ட்ரோஜன் மருந்து, தானே மாதிரி எடுக்கும் குச்சி ஆகியவை வலியைக் குறைக்கும். அவுஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் தானே மாதிரி எடுக்கும் வாய்ப்பு பரிசோதனைக்குரிய எல்லோருக்கும் உண்டு. ஆய்வுகூடப் படிவத்தில் டெஸ்டோஸ்டெரோன் எடுப்பதையும் கழுத்து இருப்பதையும் வைத்தியர் எழுதட்டும். வெளியே வருமுன், அடுத்த பரிசோதனைக்கான ஆண்டைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.