மினுக்காத ரிவோல்வர்

வெப்ளி மார்க் 6, .455 அங்குலம், ஆறு குண்டறை. 1915இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட வகை, பர்மிங்காமில் செய்தது.

உருக்கின் மேல் தெரியும் கருநீலம் வர்ணமல்ல, அதுவும் ஒருவகைத் துருதான்: செந்துருவைத் தடுக்கப் பக்குவமாய்ப் பிடிக்கவைத்த துரு. உறையில் உரசும் குழல்முனையில்தான் முதலில் வெளுக்கும். மிச்சத்தை இலங்கையின் வந்தாறுமூலை ஊர் உப்புக்காற்று பார்த்துக்கொள்ளும்.

மினுக்கிப் புதுநீலம் ஏற்றினால் பார்க்க வடிவுதான். ஆனால் சோதனை முத்திரையும் இலக்கமும் மழுங்கும், சேகரிப்பாளரிடம் மதிப்பும் இறங்கும். துவக்கு எண்ணெயும் மெல்லிய துணியும் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாட்பட்டால் காறிப்போகும்.

1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி இலங்கையில் துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் தேவை.

அனுமதியோடு வைத்திருந்தாலும் வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வையிலும் உப்பு உண்டு.