வீட்டிலேயே ஒரு ஸ்டூடியோ – 7: படத்துக்கு அங்குலம் கிடையாது

அத்தை இறந்த பத்தாம் நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார் மாமா. அத்தை தனியாக நின்று எடுத்துக்கொண்ட படமே வீட்டில் இல்லை. பேத்தியின் காதுகுத்தில் எல்லோரும் கூடி நின்ற படம் ஒன்று என் போனில் இருந்தது. யாரோ அனுப்பி வைத்தது. அதில் அத்தையை மட்டும் வெட்டியெடுத்து, வீட்டு பிரின்டரில் ஏ4 தாளில் அச்சிட்டேன். போன் திரையில் பளிச்சென்று இருந்த முகம் தாளில் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணு தெரியலையேப்பா" என்றார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

டிஜிட்டல் படத்துக்கு அங்குலம் கிடையாது. அதில் இருப்பவை பிக்ஸல் என்ற புள்ளிகள் மட்டுமே. எத்தனை அங்குலத்தில் அவற்றைப் பரப்புவது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். ஒரு கரண்டி மாவில் சின்ன தோசையும் வார்க்கலாம், பெரிய தோசையும் வார்க்கலாம். இழுக்க இழுக்க ஓட்டை விழும். படமும் அப்படித்தான்.

கணக்கு எளிது. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் நல்லது. 200 வரை கண் பொறுத்துக்கொள்ளும். சுவரில் மாட்டி எட்ட நின்று பார்ப்பதற்கு 150 போதும். 300 என்று வைத்துக்கொண்டால், 4க்கு 6 அங்குல மேக்ஸி சைஸுக்கு 1200 x 1800 புள்ளிகள் வேண்டும். 5க்கு 7க்கு 1500 x 2100. ஏ4 தாளுக்கு 2480 x 3508.

என்னிடம் இருந்த படம் மொத்தமே 1200 x 1600. அத்தையை மட்டும் வெட்டியதும் மிஞ்சியது 420 x 594. அதை ஏ4-இல் பரப்பினால் அங்குலத்துக்கு 50 புள்ளிகள்தான். முகம் உடையாமல் என்ன செய்யும்?

இனி வேலைக்கு வருவோம். நான் பயன்படுத்துவது கிம்ப். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1990களின் நடுவில் தொடங்கிய இலவச மென்பொருள்.

முதலில் படத்துக்கு ஒரு நகல் எடுங்கள். மூலத்தில் கை வைக்கவே கூடாது. அடுத்தது வெட்டுதல். போன் படங்கள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் இருக்கும். மேக்ஸி தாள் 3:2. அப்படியே அச்சிட்டால் ஓரத்தில் வெள்ளைப் பட்டை விழும், அல்லது தலை வெட்டுப்படும். 'கிராப்' கருவியில் விகிதத்தை 3:2 என்று நிலைநிறுத்தி, எதை விடுவது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

அடுத்துத்தான் பலரும் தடுமாறும் இடம். 'இமேஜ்' மெனுவில் 'பிரின்ட் சைஸ்', 'ஸ்கேல் இமேஜ்' என்று இரண்டு இருக்கும். முதலாவது, படம் தாளில் எத்தனை அங்குலம் என்ற குறிப்பை மட்டும் மாற்றும். ஒரு புள்ளிகூட மாறாது. வீட்டு அச்சுக்கு அநேகமாக இதுவே போதும். இரண்டாவது, புள்ளிகளின் எண்ணிக்கையையே மாற்றிவிடும். குறைக்கலாம், பெரிய பாதகமில்லை. கூட்டும்போது மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. கட்டங்கள் மழுங்கும், அவ்வளவுதான். படத்தில் பதியாத கண்ணிமையை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் தேயும். வேலை முடியும்வரை கிம்பின் எக்ஸ்சிஎஃப் வடிவில் வைத்திருங்கள். அச்சிடும்போது 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம். 100 சதவீதத்தில் வையுங்கள். இல்லையென்றால் போட்ட கணக்கெல்லாம் வீண். பிரின்டர் பெட்டியில் 5760 என்றெல்லாம் போட்டிருப்பது மைத்துளிகளின் கணக்கு. படத்தின் புள்ளிகளோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அத்தை படத்துக்கு வருகிறேன். காதுகுத்தில் அதை எடுத்தது மாமாவின் தம்பி மகன் என்று விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவன் போனில் மூலப்படம் அப்படியே இருந்தது: 3000 x 4000. அதில் அத்தை மட்டும் 1050 x 1485. ஏ4 ஆசையை விட்டுவிட்டு 5க்கு 7-இல் அச்சிட்டேன். அங்குலத்துக்கு 210 புள்ளிகள். கண்கள் தெரிந்தன. மாமா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலிகளில் சாதாரணமாக அனுப்பும் படம் பெரும்பாலும் சுருங்கித்தான் வந்து சேரும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் முழுதாக வரும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மூலப்படம் யார் போனில் இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். அந்தப் போன் உடைவதற்கு முன், தொலைவதற்கு முன், வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

(அடுத்த வாரம்: எந்தப் படத்துக்கு எந்தத் தாள்?)