திருகோணமலைக் கடலின் உயிர்வளம்

கடலில் ஒளி மேலே உளது. உரமாகும் உப்புக்கள் கீழே உள. இவ்விரண்டும் கூடுமிடத்திலேயே உயிர்கள் செழிக்கும்.

வங்காள விரிகுடாவிற் பேராறுகள் சொரியும் நன்னீர், பாரங் குறைந்தமையாற் போர்வைபோல் மேலே பரந்து இக்கூட்டத்தைத் தடுக்கிறது. வடமுனைக் கடலில் உருகும் பனிக்கட்டியின் நீரும் அவ்வாறே செய்யும்.

ஆயின், தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால், இலங்கைக்குக் கிழக்கே காற்றின் சுழற்சியால் மேனீர் நாற்புறமும் விலக, ஆழத்துக் குளிர்நீர் குவிமாடம்போல் உயர்கிறது. இதனை விநயசந்திரன், யமகாட்டா என்னும் அறிஞர் 1998இல் விளக்கினர். அந்நீரின் உரத்தால் நுண்பாசிகள் பெருகும். அவற்றைச் சிற்றுயிர்களும், சிற்றுயிர்களை மீன்களும் உண்ணும். கொட்டியாரக்குடாவின் கடலடிப் பள்ளத்தாக்கு பேராழத்தைக் கரையருகே கொணர்தலின், திமிங்கிலங்களும் அணித்தே காணப்படும்.

கடலின் மேற்பரப்பு வெப்பமேறுந்தோறும் மேனீரும் கீழ்நீரும் கலத்தல் அரிதாகும். மீனவர் வாழ்வு அக்கலப்பிலேயே தங்கியுள்ளது.