கைப்படாச் சரக்கு வாணிகம்

நமுனுகுல மலைச்சாரலிற் கொய்த தேயிலையைக் கொழும்பு ஏலத்தில் விற்றுக்கொடுக்கும் தரகர் அச்சரக்குக்கு உரியவர் அல்லர். மாதிரியைச் சுவைத்தே வணிகர் விலை கூறுவர். 1883 ஆம் ஆண்டு தொடங்கிய ஏலம் இது.

இணையவழி நிகழும் ‘டிராப்ஷிப்பிங்’ வாணிகமும் ஓரளவு இதனை ஒத்ததே. அயல்நாட்டில் இணையக்கடை திறப்போன் சரக்கை முன்னரே வாங்கி அடுக்கிவைப்பதில்லை. கொள்வோன் பணம் செலுத்தியபின் உற்பத்தியாளனுக்கு அறிவிப்பான். அவனே பொருளை நேரே அனுப்பிவைப்பான். இரு விலைக்கும் உள்ள வேறுபாடே கடைக்காரனது ஊதியம். விளம்பரச் செலவும் அதனுள் அடங்கவேண்டும்.

ஆயின், ஈண்டு மாதிரியைச் சுவைப்பார் யாவர்? விற்போனும் பொருளைக் கண்டிலன்! ஐரோப்பிய ஒன்றியத்தில், இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை 14 நாளுக்குள் காரணங் கூறாமலே திருப்பிவிடலாம். பணத்தை மீளக் கொடுக்கவேண்டியவன் கடைக்காரனேயன்றித் தொலைவிலுள்ள உற்பத்தியாளன் அல்லன். முதலின்றித் தொடங்கலாமென எண்ணும் நம் தோட்டத்து இளைஞரின் கணக்கு இவ்விடத்திலேதான் தவறுகின்றது. ஆகவே, கடை திறக்குமுன் அப்பொருளுள் ஒன்றையேனும் தம் முகவரிக்கு வரவழைத்து, வந்துசேரும் நாட்களையும் எண்ணிக்கொள்ளல் வேண்டும்.