கிடைத்தற்கரிய திரைப்படங்களும் நூல்நிலையங்களும்

சென்ற ஆண்டில் நம் கலாசாலைச் சரித்திர மாணவர் ஒருவர் நூல்நிலைய மேசையண்டை வந்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிய 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' என்னும் படத்தொடரின் பதினான்கு பகுதிகளையும் தாம் பார்க்க வேண்டுமென்றார். கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கக் கூடியதாக அது நம்மிடம் இல்லை. "விலைக்கு அகப்படாத படமாயின் எவரிடமிருந்தேனும் வாங்கிப் பிரதி செய்துகொண்டால் என்ன? விற்பவரே இல்லாதபோது நஷ்டமடைபவர் யார்?" என்று அவர் வினவினார். இவ்வினா நம்மைச் சிறிது நேரம் மௌனமாக்கிற்று. நேர்மையுள்ள இளைஞர் மனத்தில் இயல்பாக எழக்கூடிய ஐயமே அது. அதற்கு விடை தேடப் புகுந்து நாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வழக்கையே பெரிதும் எடுத்துக்கொண்டோம். மாணவர் கேட்ட படம் அந்நாட்டினது. அன்றியும், நூல்நிலையம் ஒரு படத்தைப் பிரதி செய்துகொள்ளும் நெறியை அந்நாட்டுச் சட்டம் விரிவாகவே வகுத்துளது.

புத்தகம் அருமைப்படுவது ஒரு வகை. படம் அருமைப்படுவது வேறொரு வகை. புத்தகத்திற்கு ஆசிரியர் ஒருவர், பதிப்பாளர் ஒருவர். இருவரும் இசைந்தால் மறுபதிப்பு வந்துவிடும். படத்திலோ பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர், பழைய செய்திச் சுருளுக்கு வேறொருவர், நிலைப்படத்திற்கு மற்றொருவர் எனப் பலர் உளர். மேற்சொன்ன தொடரே இதற்குத் தக்க சான்று. ஹென்றி ஹாம்ப்டன் என்பவரது 'பிளாக்ஸைட்' கம்பெனியார் தயாரித்த அத்தொடரின் முதல் ஆறு பகுதிகள் 1987ஆம் ஆண்டிலும், பின் எட்டுப் பகுதிகள் 1990ஆம் ஆண்டிலும் அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியில் வெளிவந்தன. எண்பதுக்கு மேற்பட்ட காப்பகங்களிலிருந்து படச்சுருள்களையும், நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களையும் அவர்கள் எடுத்தாண்டனர். கைப்பணம் போதாமையால், அவற்றுட் பலவற்றிற்குச் சில ஆண்டுகளுக்கு மாத்திரமே உரிமை பெற முடிந்தது. 1990களின் நடுவில் அவ்வுரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. மீண்டும் ஒளிபரப்பவும் இயலவில்லை; புதிய நாடாக்களை விற்கவும் இயலவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளில் அவர் தோழர்கள் வாழ்த்துப்பாட்டுப் பாடும் காட்சியொன்று அத்தொடரில் உண்டு. குழந்தைகளும் பாடும் அந்தப் பிறந்தநாட் பாட்டுக்கும் அக்காலத்தில் ஒரு கம்பெனி உரிமை கொண்டாடி வந்தது! அவ்வுரிமை செல்லாதென நீதிமன்றம் கூறியது 2015ஆம் ஆண்டிலேதான். ஹாம்ப்டன் 1998இல் காலஞ்சென்றார். பின்னர் ஃபோர்டு தருமநிதியும் பிறரும் பெரும்பொருள் உதவ, உரிமைகள் மீண்டும் பெறப்பட்டு, 2006இல் முதற்றொடர் ஒளிபரப்பாயிற்று.

இடைப்பட்ட அந்தப் பத்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் அச்சரித்திரத்தைக் கண்ணாற் காண விரும்பிய மாணவர் எங்கே சென்றனர்? விற்பனையிலிருந்த காலத்திலேயே வாங்கி வைத்திருந்த நூல்நிலையங்களுக்கே சென்றனர். அங்கே அலமாரியில் இருந்த தேய்ந்த வீடியோ நாடாக்களே அவர்களுக்குக் கிட்டின.

அந்த நாடாக்களை நூல்நிலையங்கள் எவருடைய அநுமதியும் இன்றி இரவல் கொடுத்துவந்தன. அதில் யாதொரு குற்றமும் இல்லை. சட்டப்படி உண்டாக்கப்பட்ட பிரதியொன்றை விலைகொடுத்து வாங்கியவர் அதனை விற்கலாம், இரவல் தரலாம், தானமும் செய்யலாம் என்பது அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு. ஆகவே அருமையான படத்தைத் தேடும் நூல்நிலையத்தார் முதலிற் செய்வது பழைய சரக்கு விற்போரிடம் விசாரிப்பதே. உரிமையாளர் விற்பனையை நிறுத்திவிட்டாலும், முன்பு விற்ற நாடா கைமாறுவதைத் தடுக்க அவரால் இயலாது. பழைய மாணவர் ஒருவர் தம் வீட்டிலுள்ள நாடாவை நன்கொடையாக அளித்தாலும் ஏற்கலாம். ஆனால் அது கடையில் வாங்கிய நாடாவாக இருத்தல் வேண்டும். தொலைக்காட்சியிலிருந்து வீட்டில் தாமே பதிவு செய்துகொண்டதை அன்போடு கொணர்ந்து தருவோர் பலர். வீட்டிற் பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்வது தவறன்றென அமெரிக்க உச்சநீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது உண்மையே. எனினும், அந்நாடாவை நூல்நிலைய அலமாரியில் ஏற்றி ஊராருக்கு வழங்குவது அத்தீர்ப்பில் அடங்காது. அன்பளிப்பை மறுப்பது நூலகருக்கு மனவருத்தம் தரும் காரியந்தான்.

பழைய பிரதியும் அகப்படாவிடின், உரிமையாளரைத் தேட வேண்டும். வாஷிங்டனிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் பதிவேடுகளைப் பார்ப்பதும், படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் படித்து அப்பெயர்களுக்கு எழுதுவதும் இதற்குரிய வழிகள். படமெடுத்தவரே தம் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து விற்பது அரிதன்று. பெரிய கம்பெனிகளுள்ளும் வார்னர் கம்பெனியார் 2009 முதல், தம் கிடங்கிலுள்ள பழைய படங்களைக் கேட்பவருக்குக் கேட்டபோது தட்டில் பதித்துக் கொடுக்கும் முறையைத் தொடங்கினர். ஆவணப்பட விநியோகஸ்தர்கள் இல்லத்தாருக்கு ஒரு விலையும், கலாசாலைக்கு அதனிற் பன்மடங்கு விலையும் குறிப்பது வழக்கம். இது அநியாயமென்று சிலர் கூறுவர். நாம் முற்றிலும் அவ்வாறு நினையோம். கலாசாலை விலையில் பெரும்பாலும் பலர் கூடிய சபையிற் காட்டும் உரிமையும் சேர்ந்திருக்கும். சிறிய தயாரிப்பாளர் பிழைப்பதும் அவ்வருவாயினாலேயே.

இனி, வாங்குவதற்கும் வழியில்லை, கையிலுள்ள நாடாவோ கெட்டு வருகின்றது என்னும் நிலையைப் பார்ப்போம். நாடாவென்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின்மேல் காந்தத் துகளைப் பசையாற் பிணித்ததாகும். அப்பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சிதையும், துகள் உதிரும், காட்சியிற் பனி பெய்வதுபோன்ற வெண்புள்ளிகள் தோன்றும். அலமாரியில் தொடாமல் வைத்திருந்தாலும் இக்கேட்டினின்று அது தப்புவதில்லை. இதற்காகவே 108ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு அமைந்துளது. நூல்நிலையம் வைத்திருக்கும் பிரதி பழுதுற்றிருந்தாலும், பழுதுற்று வந்தாலும், காணாமற் போயிருந்தாலும், திருடப்பட்டிருந்தாலும், அதன் வடிவம் வழக்கொழிந்திருந்தாலும், அதற்கு ஈடாக மூன்று பிரதிகள் வரை செய்துகொள்ளலாம். ஆனால், நியாயமான விலைக்குப் புதுப்பிரதி கிடைக்கவில்லையென்று தக்க முயற்சி செய்து கண்டறிந்திருக்க வேண்டும். கணிப்பொறி வடிவில் செய்த பிரதியை நூல்நிலையக் கட்டிடத்திற்கு வெளியே பொதுமக்களுக்கு வழங்கலாகாது. இலாபத்திற்காகவும் செய்யலாகாது. 'வழக்கொழிந்த வடிவம்' என்பதற்கும் சட்டமே பொருள் கூறுகின்றது: அதனை இயக்கும் கருவி உற்பத்தியில் இல்லாமலோ, கடையில் எளிதில் அகப்படாமலோ இருக்க வேண்டும். வீடியோ நாடாக் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய ஃபுனாய் கம்பெனியார் 2016 ஜூலையில் அவ்வேலையை நிறுத்திவிட்டனர்.

இச்சலுகை எதனைப் பற்றி நிற்கின்றது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். நூல்நிலையம் முன்பு முறைப்படி பெற்ற பிரதியொன்று இருந்தாலன்றோ அதற்கு 'ஈடு' செய்ய முடியும்? ஒருபோதும் வாங்காத படத்தை அயல் நூல்நிலையத்தினின்று இரவல் பெற்றுத் தனக்கெனப் பிரதி செய்துகொள்ள இப்பிரிவு இடந்தரவில்லை. தேய்ந்து காட்சி மங்கிய பழைய நாடாவே இங்கு நிலப்பட்டாவைப் போன்றது. பட்டாவைக் கிழித்தெறிந்துவிட்டு நிலத்தில் உரிமை கோர முடியாது. இடம் போதவில்லையென்று தாமே கழித்து விற்ற நாடாவைக் 'காணாமற் போனது' என்று சாதிக்கவும் முடியாது. அமெரிக்கக் கலாசாலை நூல்நிலையங்கள் சில கூடி, இவ்வாறு தேடிப் பார்த்துச் செய்த பிரதிகளை ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைக்கத் தொடங்கின. அங்கும் அதே நாடாவைத் தன் பங்கிற்கு வைத்திருக்கும் நூல்நிலையத்திற்கே பிரதி கிடைக்கும். இருமுறை தேடும் உழைப்பு மிச்சப்படும் என்பதே இலாபம்.

இதனை எழுதும்போது நம் கை சிறிது தயங்குகின்றது. சில ஆண்டுகளுக்கு முன், புதிய கணிப்பொறிகளுக்கு இடம் வேண்டுமென்று, நம் நூல்நிலையத்திலிருந்தே இரண்டு பெட்டி நாடாக்களைக் கழித்துவிட்டோம். இயக்கும் கருவி பழுதாகிக் கிடந்தது, எவரும் கேட்பதில்லை, ஆகவே பழைய தாள்களுடன் எடைக்குப் போயின. இன்ன படங்கள் என்று ஒரு பட்டியலேனும் எழுதி வைத்தோமில்லை. அவற்றுள் இன்று எங்கும் விலைக்குக் கிடைக்காதவை எத்தனையோ!

தட்டுக்களைப் பற்றிச் சிறிது. டி.வி.டி. தட்டுக்களுக்கு மறைகுறிப் பூட்டு உண்டு. 1998இல் இயற்றப்பட்ட சட்டம் அப்பூட்டைத் திறப்பதையே குற்றமாக்கிற்று. நாடாவுக்கு ஈடு செய்யலாம், கீறல் விழுந்த தட்டுக்குச் செய்யலாகாது என்னும் விந்தையான நிலை அதனால் நெடுங்காலம் இருந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை விதிவிலக்குகளை ஆராயும் முறைப்படி, 2021இல்தான் பழுதுற்ற, விலைக்குக் கிடைக்காத தட்டுக்களின் பொருட்டு நூல்நிலையங்களுக்கு அத்தடை தளர்த்தப்பட்டது.

இணையத்தின் வழியே படங்களை ஓடவிடும் சேவைகள் இத்தொல்லைகளையெல்லாம் ஒழித்துவிட்டன என்று எண்ணுவோர் உளர். ஆனால் அங்கே நூல்நிலையம் எதையும் வாங்குவதில்லை. குடிக்கூலி கொடுத்துக் குடியிருப்பதே உண்மை. நியூயார்க் நகரத்தின் மூன்று பொது நூல்நிலைய அமைப்புக்களும் செலவு தாங்காமல் 2019 ஜூலையில் 'கானோபி' என்னும் சேவையை நிறுத்தியபோது, அதன் வழியே தம் வாசகர் கண்டுவந்த ஆயிரக்கணக்கான படங்களும் ஒரே நாளில் நீங்கின. நாடாவாயின், தொகை கட்டத் தவறினும் அலமாரியில் இருந்திருக்கும். 109ஆம் பிரிவோ 108ஆம் பிரிவோ இங்கே துணைசெய்வதில்லை, உடைமையே இல்லையன்றோ!

பதிப்புரிமைக் காலம் கழிந்த படங்களுக்கு இக்கட்டுப்பாடுகள் இல்லை. அமெரிக்காவில் அக்காலத்து வெளியீடுகளுக்குத் 95 ஆண்டு. 1928ஆம் ஆண்டுப் படங்கள் 2024 ஜனவரி முதல் நாளில் பொதுவுடைமையாயின. ஆயினும் உரிமை நீங்குவதற்குள் படமே நீங்கிவிடுவது உண்டு. 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளிவந்த ஏறத்தாழ 11,000 மௌனப் பெரும்படங்களுள், முதலில் வெளிவந்த வடிவில் முழுமையாக எஞ்சியிருப்பவை நூற்றுக்குப் பதினான்கே என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூல்நிலையம் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகின்றது.

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தையும் புரட்டிப் பார்த்தோம். இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகமாயின், இலாபநோக்கற்ற பொது நூல்நிலையம் மூன்று பிரதிகள் வரை செய்துகொள்ளலாமென 52ஆம் பிரிவு கூறுகின்றது. அங்கே திரைப்படத்தின் பெயர் இல்லை. ஆனால் 2012இல் சேர்த்த திருத்தத்தின்படி, கணிப்பொறி வடிவிலன்றி வேறு வடிவில் ஏற்கெனவே தன்னிடமுள்ள எந்தப் படைப்பையும், பாதுகாக்கும் பொருட்டு அத்தகைய நூல்நிலையம் மின்முறையிற் சேமித்து வைக்கலாம். 'ஏற்கெனவே தன்னிடமுள்ள' என்னும் நிபந்தனையை இங்கும் காண்கிறோம். கலாசாலை நூல்நிலையம் 'பொது நூல்நிலையம்' என்னும் சொல்லில் அடங்குமா என்பதைச் சட்டமறிந்தவரைக் கேட்டே துணிய வேண்டும்.

மாணவருக்கு நாம் சொன்ன விடை இது: விற்பனை நின்ற படத்திற்கும் சொந்தக்காரர் உண்டு. எவரும் பிரதி செய்துகொள்ளலாமென விட்டிருந்தால், பெரும்பொருள் கொடுத்து உரிமைகளை மீட்டுத் தெளிவான புதுப்பிரதி வெளியிட எவர் முன்வந்திருப்பார்? எனினும், ஒரு ஜனசமூகத்தின் சரித்திரம் பாட்டுக்கும் படத்துண்டுக்கும் கணக்குத் தீராமையால் பத்தாண்டுக்குமேல் மறைந்திருந்தது சட்டத்திற்குப் பெருமை தருவதன்று என்பதையும் மறைக்காமல் சொன்னோம். அவர் கேட்ட தொடர் 2006இல் கல்விச்சாலைகளுக்கும், அதன் முதற்பகுதி 2010இல் இல்லத்தாருக்கும் தட்டுக்களாக வெளிவந்த செய்தியைத் தெரிவித்து, வாங்குவதற்கான விண்ணப்பத்தில் அவரையே முதற் கையொப்பமிடச் செய்தோம். கழிக்காமல் எஞ்சிய நாடாக்கள் நாற்பத்தொன்று கீழறை அலமாரியில் உள. அவற்றிற்கு இப்போது பட்டியல் எழுதி வருகிறோம். எந்நாளில், எவரிடம், என்ன விலைக்கு விசாரித்தோம் என்னும் குறிப்பை ஒவ்வொரு பெட்டியின் உட்புறத்திலும் ஒட்டுகிறோம். நாடாவை இயக்கும் நல்ல கருவியொன்றைப் பழைய மாணவர் எவரேனும் வைத்திருப்பாராயின், நூல்நிலையத்திற்கு ஒரு வரி எழுதியருள்க.